கலங்கலாய் நின்றவர்

ஆடி பிறந்தால்தான் கலைவாணனுக்கு இடுப்பு வலிக்கும். மற்ற மாதங்களில் வலிப்பதற்கு நேரம் ஏது? தையில் பதினோரு கல்யாணம், மாசியில் ஒன்பது, நடுநடுவே காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, புதுமனை புகுவிழா என்று கேமராவைத் தூக்கிக்கொண்டு ஓடிய உடம்பு, முகூர்த்தமே இல்லாத இந்த ஒரு மாதத்தில்தான் உட்கார்ந்து தன் குறைகளையெல்லாம் சொல்லும். முத்தியால்பேட்டையில் ஒரு மருந்துக் கடைக்கு மேல் மாடியில் இருந்தது அவனுடைய ‘கலை டிஜிட்டல்’. அன்று காலை பதினோரு மணிக்கு முதுகுக்குத் தலையணை கொடுத்துச் சாய்ந்துகொண்டு, இனி ஜென்மத்துக்கும் ஒரு கல்யாணத்தைப் பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டிருந்தான். அப்போதுதான் அஞ்சலாட்சி அம்மா படியேறி வந்தார்.

அடையாளம் தெரிய அவனுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. தையில் நடந்த கார்குழலி கல்யாணத்தில் பெண்ணுக்கு அம்மா. அன்று பட்டுப்புடவையும் நெற்றி நிறையக் குங்குமமுமாக இருந்தவர். இன்று நெற்றி வெறுமையாக இருந்தது. அவருடைய கணவர் சுப்பிரமணியன் வைகாசியில் இறந்துபோனதை யாரோ சொல்லி அவன் கேட்டிருந்தான். நெஞ்சுவலி என்று கோரிமேட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்களாம். இரண்டு நாள் இருந்து மூன்றாம் நாள் போய்விட்டாராம். போய்த் துக்கம் கேட்க வேண்டும் என்று அவன் நினைத்தது உண்டு. அன்றைக்கு வில்லியனூரில் ஒரு கல்யாணம் இருந்தது. அப்புறம் மறந்தே போய்விட்டான்.

“வாங்கம்மா, உக்காருங்க. கேள்விப்பட்டேன்… வர முடியல.”

“அதனால என்னா தம்பி. உன் வேல அப்புடி.”

அவர் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். தண்ணீர் கொடுத்தான், குடித்தார். பிறகு கைப்பையிலிருந்து ஒரு பென்டிரைவை எடுத்து மேசைமேல் வைத்தார். கல்யாண வீடியோவை அவனே போட்டுக் கொடுத்ததுதான்.

“இதுல அவரு கலங்கலா இருக்காரு தம்பி. கொஞ்சம் தொடைச்சிக் குடு.”

“எதத் தொடைக்கணும்?”

“அவரு மொகத்த. எங்க பாத்தாலும் பொகைக்குள்ள நிக்கிறாப்பலயே நிக்கிறாரு. பொண்ணு பளிச்சுன்னு இருக்குது, மாப்ள பளிச்சுன்னு இருக்காரு, மாலையில பூவு ஒண்ணொண்ணும் தெரியுது. இவரு மட்டும் கலங்கலா இருக்காரு.”

அது தவறி நடந்ததல்ல, அதற்குத்தான் அத்தனை பாடுபட்டேன் என்று இவரிடம் எப்படிச் சொல்வது? மாப்பிள்ளை விக்ரம் சென்னையில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவன். நிச்சயம் முடிந்த கையோடு வாட்ஸப்பில் நாலு வீடியோக்களை அனுப்பி, “இந்த மாதிரி வேணும்ணா. கல்யாண வீடியோ மாதிரி இருக்கக் கூடாது, சினிமா மாதிரி இருக்கணும்” என்று சொல்லிவிட்டான். கல்யாணத்துக்கு, கல்யாண வீடியோ மாதிரி இல்லாத வீடியோ! இப்போது எல்லாரும் இதைத்தான் கேட்கிறார்கள். கேட்டதைக் கொடுக்காதவன் கடையைச் சாத்திவிட்டுப் போக வேண்டியதுதான்.

டிஜிட்டல் கேமராவுக்கு எதையும் ஒளிக்கத் தெரியாது. பெண்ணையும் காட்டும், அவளுக்குப் பின்னால் சுவரில் இருக்கிற சுவிட்சுப் பெட்டியையும் காட்டும், மூக்கைக் குடைகிற சித்தப்பாவையும் காட்டும். அதைச் சினிமா ஆக்குவதென்றால் பாதியை மறைக்கக் கற்றுக்கொடுக்க வேண்டும். நொடிக்கு ஐம்பது படம் எடுப்பதை இருபத்து நாலாகக் குறைக்க வேண்டும். நிறத்தைச் சோகையாக எடுத்துவந்து, கம்ப்யூட்டரில் உட்கார்ந்து ஏற்ற வேண்டும். மேலும் கீழும் கறுப்புப் பட்டை போட வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியம், லென்ஸின் வாயை முழுக்கத் திறந்து வைப்பது. அப்படித் திறந்தால் ஒரு சாண் ஆழத்துக்குத்தான் தெளிவு. அந்தச் சாணுக்கு முன்னால் இருப்பதும் பின்னால் இருப்பதும் கரைந்துபோகும். பெண்ணின் கண்ணிமை தெரியும், காது கலங்கும். அவளுக்குப் பின்னால் நிற்கிற தகப்பன் எம்மாத்திரம்?

தாரை வார்க்கும்போது அவன் எடுத்த காட்சியைப் பார்த்துவிட்டு மாப்பிள்ளை வீட்டார் பேச்சு மூச்சில்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். சொம்பிலிருந்து இறங்கும் தண்ணீர், ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று கைகள், விரலிடுக்கில் சொட்டும் நீரில் விளக்கு வெளிச்சம். அடியில் இருந்தது அப்பாவின் கை. கை மட்டும் தெளிவாக இருந்தது. அதற்கு மேலே இருந்த முகம் யாருடையதாகவும் இருக்கலாம். சுற்று வட்டாரத்தில் எவனும் இப்படி எடுத்ததில்லை என்று கலைவாணனுக்கே அன்று தலைகால் புரியவில்லை.

“போட்டோ இருக்குமேம்மா, ஆல்பத்துக்கு எடுத்தது,” என்றான்.

“இருக்குது. மாட்டி மால போட்டிருக்கோம். அது ஆதார் கார்டுக்கு நிக்கிற மொகம் தம்பி. அவரு அப்புடியா இருப்பாரு? கேமராவக் கண்டா வெறைச்சிக்குவாரு.”

“சொந்தக்காரங்க போன்ல எடுத்தது எதுனா?”

“எங்க எடுத்தாங்க? நீதான மைக்குல சொல்லச் சொன்ன.”

ஆமாம், அவன்தான் சொல்லச் சொன்னான். கூட்டம் மொத்தமும் போனைத் தூக்கிப் பிடித்தால் சினிமா மாதிரி எங்கே வரும்? ‘யாரும் தயவுசெய்து செல்போனில் படம் எடுக்க வேண்டாம்’ என்று மைக்கில் மூன்று தடவை அறிவிக்க வைத்தான். அப்படியும் கேட்காத இரண்டு மூன்று பேரிடம், பெண்ணின் அப்பாவே வரிசை வரிசையாகப் போய்க் கும்பிட்டுக் கேட்டுக்கொண்டாராம். அஞ்சலாட்சி அம்மா சொல்லித்தான் அது அவனுக்குத் தெரிந்தது. மகளின் போனில் அப்பாவின் வீடியோ என்று இரண்டு இருக்கிறதாம். இரண்டையும் எடுத்தவரே அவர்தான் என்பதால் அதில் அவருடைய கட்டைவிரல் மட்டும்தான் தெரிகிறதாம்.

“நான் என்னத்துக்குக் கேக்குறேன்னா…” என்று ஆரம்பித்து அவர் கொஞ்சம் தயங்கினார். “மாப்ள டிவியில போட்டுக் குடுத்தாரு. தெனமும் பாத்தேன். ஒரு நாளைக்கு மூணு வாட்டி நாலு வாட்டி. இப்ப கண்ண மூடுனா அவரு அந்தக் கலங்கலாத்தான் தம்பி வர்றாரு. முப்பத்தோரு வருஷம் பாத்த மொகம். எவ்ளோ கெட்டியா மூடிப் பாத்தாலும் கண்ணு மூக்கு வரமாட்டேங்குது. எனக்கு பயமா இருக்குது.”

கலங்கலாக எடுத்ததைத் தெளிவாக்க முடியாது. எடுக்கும்போதே இல்லாத மூக்கை எங்கிருந்து கொண்டுவருவது? இதைச் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அந்த அம்மா மேசைமேல் இருந்த பென்டிரைவையே பார்த்துக்கொண்டிருந்தார். அவன் வழக்கமாக எல்லாருக்கும் சொல்கிற வார்த்தையைச் சொன்னான்.

“பாக்குறேம்மா. நாலு நாள் கழிச்சி வாங்க.”

அவர் போனபிறகு, சினிமா வேணும்னு கேட்டது நானா என்று ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தான். கேட்க ஆளில்லாத அறையில் அது எடுபடவில்லை.

மறுநாள் குறுக்கு வழி ஒன்று கிடைத்தது. மங்கலான முகத்தைத் தெளிவாக்கித் தருகிறோம் என்று சொல்லும் ஒரு செயலி. தாரை வார்க்கும் காட்சியிலிருந்து ஐந்து நொடியை வெட்டி அதற்குள் போட்டான். அவன் கீழே போய் டீ குடித்துவிட்டு வருவதற்குள் முகம் வந்திருந்தது. நல்ல தெளிவான முகம். கன்னம் வழவழவென்று, புருவம் சீவினாற்போல, வரிசைப் பல்லோடு, டிவி சீரியலில் வரும் வசதியான வீட்டு அப்பா. அலுப்பில் அவனுக்கு அதுவே போதும் என்றுதான் பட்டது. எதற்கும் இருக்கட்டும் என்று கார்குழலிக்கு அனுப்பிவைத்தான். உடனே கூப்பிட்டாள்.

“அண்ணா, இது யாருண்ணா?”

“அப்பாதாம்மா. தெளிவாக்கிப் பாத்தேன்.”

“எங்கப்பாவுக்கு மேல்பல்லு ஒண்ணு பாதி ஒடஞ்சிருக்கும்ணா. மில்லுல வேல செஞ்சப்ப ஒடஞ்சது” என்றாள். “அண்ணா, இத அம்மாகிட்ட மட்டும் காட்டிடாதீங்க. அப்புறம் கண்ண மூடுனா இந்த ஆளுதான் வருவாரு.”

கலைவாணன் அந்தக் கோப்பை அழித்தான். அழித்தவை போய்ச் சேருகிற குப்பைத்தொட்டியையும் காலி செய்தான். உடைந்த பல்லுக்காரர் ஒருவரை அந்தக் கல்யாணத்தில் பார்த்ததாக அவனுக்கு நினைவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அதே மண்டபத்தில் ஒன்றரை நாள் இருந்திருக்கிறான்.

இனி ஒரே வழிதான். எடுத்தது எடுத்தபடியே இருக்கிற முழுப் பதிவையும் பார்ப்பது. வீடியோவைக் கொடுத்து மூன்று மாதம் ஆனதும் அதையெல்லாம் அழித்துவிடுவதுதான் இந்தத் தொழிலில் வழக்கம். யாரிடம் அவ்வளவு இடம் இருக்கிறது? ஆனால் ஆல்பத்துக்கு வேண்டிய போட்டோக்களைப் பொறுக்கிக் கொடுக்காத ஜோடிகளின் பதிவை மட்டும் அழிக்க முடியாது. எந்த நாளிலும் வந்து நிற்பார்கள். விக்ரமும் கார்குழலியும் தையிலிருந்து ‘இந்த வாரம் பொறுக்கிடுறோம்ணா’ என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். அதற்காக அவர்களை எத்தனை நாள் திட்டியிருப்பான்! அந்தச் சோம்பேறித்தனத்தால்தான் ஹார்டு டிஸ்கில் நானூற்றுப் பன்னிரண்டு வீடியோத் துண்டுகளும் அப்படியே கிடந்தன.

இரண்டு பகல் பார்த்தான். இடுப்பு கழன்றுவிடும்போல இருந்தது. தன் வேலையைத் தானே திரும்ப உட்கார்ந்து பார்ப்பதைப்போல் ஒரு சலிப்பு உலகத்தில் கிடையாது. பெண்ணின் கொலுசு, பெண்ணின் ஜிமிக்கி, பெண்ணின் மருதாணி. நடந்தால் ஒரு துண்டு, திரும்பினால் ஒரு துண்டு. ஓரத்தில் எப்போதும் ஒரு வெள்ளைச் சட்டை. நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போகிறது, யாருக்கோ வழி சொல்கிறது, யாரையோ கும்பிடுகிறது, ஒரு குழந்தையைத் தூக்கி அதன் அம்மாவிடம் கொடுக்கிறது. எல்லாம் கலங்கல். அது சுப்பிரமணியன்தான் என்று இப்போது அவனுக்குத் தெரியும்.

கூடவே இன்னொன்றும் கேட்டது. வீடியோவாகத் தொகுக்கும்போது சத்தத்தை எடுத்துவிட்டுப் பாட்டைப் போட்டுவிடுவதால், தன் குரலை அவன் கேட்டதே இல்லை. இப்போது கேட்டான். “வெள்ள சட்ட, கொஞ்சம் தள்ளுங்க.” “பெரியவரே, ஃப்ரேம்ல வர்றீங்க.” “ஓரமா, ஓரமா.” ஒவ்வொரு முறையும் வெள்ளைச் சட்டை நகர்ந்தது. ஒருமுறைகூட நின்று முறைக்கவில்லை.

இருநூற்று அறுபத்தேழாவது துண்டு, ஒன்பது நொடி. தேவையில்லாமல் பதிவான துண்டு. முகூர்த்தத்துக்கு முன்னால், பெண் மேடைக்கு வருவதற்குள் ஃபோகஸைச் சரிபார்க்க கேமராவை ஸ்டாண்டில் வைத்திருந்தான். பெண் உட்கார வேண்டிய மணைக்குச் சரியாக அளந்து வைத்திருந்தான். அந்த மணைக்கு மேல், பெண் உட்காரப்போகிற அதே இடத்தில், சுப்பிரமணியன் குந்தி உட்கார்ந்து, மணைமேல் விரித்துச் சுருங்கிக் கிடந்த துணியைக் கையால் நீவிவிட்டுக்கொண்டிருந்தார். அவ்வளவு தெளிவாக. நரைத்த மீசை, காதோரம் வழிகிற வியர்வை, சட்டைப்பையில் ஒரு பேனா. அப்போது கேமராவுக்குப் பின்னாலிருந்து கலைவாணனின் குரல் வந்தது.

“யோவ் பெருசு! எத்தினி வாட்டி சொல்றது உனக்கு? நவுருய்யா! பொண்ணு வர்ற நேரம்.”

அவர் நிமிர்ந்தார். நேராக லென்ஸைப் பார்த்தார். விறைப்பு எதுவும் இல்லை. பாதி உடைந்த பல் தெரிய, முகம் முழுக்கச் சிரித்தார்.

“சரிப்பா, சரிப்பா. வர்றது எம்பொண்ணுதாம்பா.”

எழுந்து இரண்டடி பின்னால் போனார். கலங்கிப் போனார். துண்டு முடிந்தது.

கலைவாணன் அதைத் திரும்பப் போடவில்லை. எழுந்து ஜன்னலருகே போய் நின்றான். கீழே மருந்துக் கடையில் யாரோ இருமல் மருந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவனுக்குக் கேவலமாக இருந்தது. ‘எம்பொண்ணு’ என்ற அந்த வார்த்தை அன்றைக்கு அவன் காதில் விழவே இல்லை. பெண் வருகிறாளா என்று படிக்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பான். முந்தின நாள் மாலை முழுக்க அந்த மனிதர் பந்தியில் இலை போட்டுக்கொண்டிருந்ததால் யாரோ சமையல் ஆள் என்று நினைத்திருந்தான். சமையல் ஆளாக இருந்தால் மட்டும் அப்படிப் பேசலாமா?

கடைசியில் தொழில் தெரிந்தவன் செய்வதைச் செய்தான். சத்தத்தை எடுத்துவிட்டு நாதஸ்வரத்தைப் போட்டான். ஒன்பது நொடியை மெதுவாக ஓடவிட்டு இருபதாக்கினான். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஒரு மனிதர் மணையை நீவிவிடுகிறார், நிமிர்கிறார், சிரிக்கிறார், போகிறார்.

நாலாம் நாள் அஞ்சலாட்சி அம்மா சொன்னபடி வந்தார். அவன் நாற்காலியைத் திரைக்கு அருகில் இழுத்துப் போட்டு, வீடியோவை ஓடவிட்டான். அந்த முகம் நிமிர்ந்தபோது அவர் கை தானாக உயர்ந்து வாயைப் பொத்திக்கொண்டது.

“அவருதான்,” என்றார். “பல்லு தெரியுது பாரு. அவருதான் தம்பி.”

மறுபடி கேட்டார், போட்டான். மறுபடியும் போட்டான். நாலாவது தடவை அவர் முகத்தைத் திரைக்குக் கிட்டே கொண்டுபோனார்.

“வாய் அசையுதே. என்னமோ சொல்றாரு.”

“மேளச் சத்தத்துல சரியா கேக்கலம்மா.”

“நீ இந்த மேளத்த நிறுத்து. அவரு பேசுனது வேணும் எனக்கு. பேச்சக் கேட்டு ரெண்டு மாசத்துக்கு மேல ஆவுது.”

பதிவே ஆகவில்லை என்று சொல்லியிருக்கலாம். மைக் கோளாறு என்று சொன்னால் நம்பியிருப்பார். அவன் எதைச் சொன்னாலும் நம்பித்தான் அவர் வந்திருக்கிறார். இன்னொரு பொய் சொல்ல அவனுக்குத் தெம்பு இல்லை. இருநூற்று அறுபத்தேழாவது துண்டை எடுத்து, எடுத்தது எடுத்தபடியே ஓடவிட்டான். “யோவ் பெருசு!” என்று அந்தச் சின்ன அறை முழுக்கக் கேட்டது. கலைவாணன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். “சரிப்பா, சரிப்பா. வர்றது எம்பொண்ணுதாம்பா.”

முடிந்தது. அஞ்சலாட்சி அம்மா கண்களை இறுக்க மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மூடிய இமைக்கு அடியிலிருந்து நீர் இறங்கி மோவாய்க்கு வந்தது.

“வந்துட்டாரு,” என்றார் மெல்ல. பிறகு கண்ணைத் திறந்து, மூக்கைச் சிந்தித் துடைத்துக்கொண்டு கேட்டார். “யாரு தம்பி அது, அப்புடிக் கத்துறது?”

“நான்தாம்மா.”

அவர் திரும்பி அவனைப் பார்த்தார். திட்டிவிட்டால் நன்றாக இருக்கும் என்று அவனுக்கு இருந்தது.

“அவருதான் பொண்ணுக்கு அப்பான்னு எனக்கு அப்ப தெரியாதும்மா. தப்புத்தான்.”

“எல்லாரும் அவர அப்புடித்தான் பேசுவாங்க,” என்றார் அவர். கோபம் இல்லை, அலுப்புத்தான் இருந்தது. “மில்லு இருந்த வரைக்கும் மேஸ்திரி. மில்ல மூடினப்புறம் பீச்சுப் பக்கம் ஒரு கெஸ்ட் அவுசுல வாட்ச்மேன். வர்ற வெள்ளக்காரங்களுக்கு போன்ழூர்னு அவங்க பாஷையில வணக்கம் சொல்லிக்கினு நிப்பாரு. வண்டி எடுக்கணும் நவுரு, பெட்டி வைக்கணும் நவுரும்பாங்க. நான் மட்டும் என்னா? வாச பெருக்குறப்ப நவுருய்யான்னுதான் சொல்லுவேன். இதே சிரிப்புத்தான் சிரிப்பாரு.”

அவன் பென்டிரைவைக் கம்ப்யூட்டரில் செருகினான்.

“என் சத்தத்த எடுத்துட்டுத் தரேம்மா. அவரு பேசுற எடம் மட்டும் வரட்டும். முன்னாடி மேளம் போட்டுடுறேன். ஊட்டுல நாலு பேரு வந்து பாப்பாங்க.”

“வேணாம்.”

“கேக்க நல்லா இருக்காதும்மா.”

“இருக்காதுதான். ஆனாலும் நீ கத்துனது அப்புடியே இருக்கட்டும். அத எடுத்துட்டா அவரு எதுக்கு எம்பொண்ணுன்னு சொல்லிச் சிரிக்கிறாருன்னு யாருக்கும் தெரியாம போயிடும்.”

ஒன்பது நொடி என்பதால் பென்டிரைவில் ஏற நேரமே ஆகவில்லை. கொடுத்ததும் வாங்கிக்கொண்டு, வரேன் தம்பி என்று சொல்லிவிட்டுப் போனார். இனி அந்த வீட்டில் யார் சுப்பிரமணியனின் முகத்தைப் பார்க்க உட்கார்ந்தாலும், அவர் நிமிர்ந்து சிரிப்பதற்கு முன்னால் கலைவாணனின் குரல்தான் கேட்கும்.